ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

பெண் பிள்ளைகளின் ஆண்டு மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஆற்காடு – ஆரணி சாலையில் ஒரு புல்லட் வந்தால், வண்டி கண்ணில் படுமுன்பே அதன் 'டுப் டுப்' ஒலியைக் கொண்டு பெயரைச் சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஆனால் அது எந்த நாட்டில் பிறந்தது, ஏன் நம் மாநிலத்துக்குக் குடிவந்தது, அதன் பிறந்த வீடு ஏன் மூடப்பட்டது என்பவை நம்மில் பலருக்குத் தெரியா. பாடநூலில் தொழில்கள் இடம்பெயர்வது பற்றி இரண்டு வரிகளில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த இரண்டு வரிகளின் பொருள் முழுவதும் இந்த ஒரு வண்டியின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. தோலையும் காலணியையும் கடல் கடந்து அனுப்பிப் பிழைக்கும் நம் பகுதிக்கு இது அயலார் கதையும் அன்று.

இங்கிலாந்து நாட்டில் பர்மிங்காம் நகருக்குத் தெற்கே ரெட்டிச்சு என்று ஓர் ஊர் உண்டு. தையல் வகுப்பில் நாம் நூல் கோக்கத் திண்டாடும் ஊசி இருக்கிறதே, அதைச் செய்வதில் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. அவ்வூரில் மிதிவண்டி செய்துவந்த என்பீல்டு கம்பெனி 1901ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வண்டியைப் புதிதாகத் திருத்தி அமைத்தார்கள். பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் அமைப்பு வைத்த அந்தத் திருத்திய புல்லட்தான் பின்னர் நம் நாட்டுக்கு வந்தது.

விடுதலைக்குப் பின் எல்லைப் பகுதிகளில் ரோந்து செல்ல நம் இராணுவத்துக்கு உறுதியான வண்டி வேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் 350 சி.சி. புல்லட்டுகள் நூற்றுக்கணக்கில் தருவிக்கப்பட்டன. தருவித்துத் தந்தது சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ். அக்காலத்தில் நம் அரசு அந்நியச் செலாவணியைக் காசு காசாக எண்ணிச் செலவழித்தது. முழு வண்டியாக எத்தனை நாள் இறக்குமதி செய்துகொண்டிருப்பது? இங்கேயே செய்யுங்கள் என்பதுதான் அரசின் கொள்கை. ஆகவே 1955இல் ரெட்டிச்சுக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்கின. 1956இல் திருவொற்றியூரில் தொழிற்சாலை வேலை தொடங்கியது.

முதலில் அங்கே நடந்ததை 'உற்பத்தி' என்று சொல்வது சற்று மிகைதான். இங்கிலாந்திலிருந்து வண்டி பிரித்த பாகங்களாகப் பெட்டியில் வரும். சென்னையில் அவற்றைப் பூட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக உள்நாட்டிலேயே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் வண்டி ஏறக்குறைய முழுவதும் இங்கேயே உருவாகும் நிலை வந்தது. இம்மாதிரி ஏற்பாட்டுக்கு உரிமம் என்று பெயர். வரைபடமும் அச்சும் அவர்களுடையவை. உழைப்பும் விற்பனையும் நம்முடையவை. ரெட்டிச்சு முதலாளிகளுக்கு இது ஒரு சில்லறை வரும்படி. அந்தச் சில்லறைதான் தங்கள் வண்டியின் பெயரைக் காப்பாற்றப்போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் நம் ஊர்ப்பக்கச் செய்தி ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதே ஆண்டுகளில், அதே சென்னைத் துறைமுகத்தின் வழியாக, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல்கள் அரைகுறையாகப் பதனிட்ட நிலையில் கப்பலேறிக்கொண்டிருந்தன. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் இலண்டன் சந்தைக்குப் போகும். சாயமும் மெருகும் ஏற்றிக் காலணியாக்கி இலாபம் காண்பவர்கள் அவர்கள். 1973க்குப் பின் அரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் காலணியையும் இங்கேயே செய்ய ஊக்கம் கொடுத்தது. துறைமுகத்தில் இறங்கிய வண்டிப் பாகமும் சரி, அங்கே ஏறிய தோலும் சரி, இரண்டிலும் இலாபமுள்ள பாதி வேலை அக்கரையில் நடந்தது. இரண்டும் இக்கரைக்கு வர ஒரே காரணம், அரசு கதவை ஒருபக்கம் சாத்தியதுதான். வேண்டுமென்றே சாத்திய கதவால் நன்மையும் விளையும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். சென்னை வாசல் வழியாகச் சில்லறை வந்துகொண்டிருக்க, ரெட்டிச்சின் கண்ணெல்லாம் அமெரிக்கா மேல்தான் இருந்தது. பணமும் பெட்ரோலும் நீண்ட சாலைகளும் உள்ள நாடு; பெரிய வண்டி கேட்கும் மக்கள். ஆனால் அங்கே என்பீல்டு நுழைந்த வழி விசித்திரமானது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் 'இந்தியன்' என்ற பழம்பெரும் மோட்டார் சைக்கிள் கம்பெனி இருந்தது. (இது நம் இந்தியா அன்று, அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும் பெயர். கொலம்பஸ் செய்த குழப்பம் மோட்டார் சைக்கிள் வரை வந்திருக்கிறது!) அந்தக் கம்பெனி 1953இல் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் பெயருக்கு மட்டும் மதிப்பு இருந்தது. அதன் உரிமை பெற்றிருந்த ஆங்கிலேய நிறுவனம், 1955 முதல் ரெட்டிச்சில் செய்த என்பீல்டு வண்டிகளுக்கே 'இந்தியன்' என்று பெயரெழுதி அமெரிக்காவில் விற்றது. டிரெயில்பிளேசர், அப்பாச்சி, டோமஹாக் என்றெல்லாம் பெயர் சூட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் வேடிக்கை: உண்மையான இந்தியாவில் செய்த வண்டிக்கு என்பீல்டு என்று பெயர், இங்கிலாந்தில் செய்த வண்டிக்கு இந்தியன் என்று பெயர்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் அந்தப் பெயருரிமை வேறொரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. அவர்கள் தங்கள் வண்டியையே விற்கத் தொடங்கினார்கள். அத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டிய அமெரிக்கர்களில் பலருக்கு என்பீல்டு என்ற பெயரே பழக்கமாகவில்லை. சொந்தப் பெயர், சொந்தக் கடை, உதிரிப் பாகம் கொடுக்கும் சொந்த ஆள் எல்லாவற்றையும் புதிதாகத் தேடவேண்டியதாயிற்று. அமெரிக்காவைப் புறக்கணித்தார்கள் என்றால் வண்டி அனுப்பவில்லை என்று பொருள் அன்று. அனுப்பினார்கள், வாங்குகிறவரோடு உறவு வைக்கவில்லை. நாம் கருதுவது இதுதான்: பொருளை அனுப்புவது வேறு, சந்தையைப் பேணுவது வேறு.

1960களில் 'இண்டர்செப்டர்' என்ற இரட்டைச் சிலிண்டர் பெருவண்டியைப் பெரும்பாலும் அமெரிக்காவை நம்பியே செய்தார்கள். நல்ல வண்டி என்றே பெயர். ஆனால் 1959இல் ஹோண்டா கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தன் சொந்தக் கிளையைத் திறந்திருந்தது. சின்ன வண்டிகளைக் குடும்பத்தாரும் வாங்கும்படி விற்று, ஊருக்கு ஊர் கடை வைத்து, 1969இல் நான்கு சிலிண்டரும் டிஸ்க் பிரேக்கும் பொத்தானை அழுத்தினால் புறப்படும் வசதியும் உள்ள 750 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது. அதன் எதிரே ஆங்கிலேய வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ரெட்டிச்சுத் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. எஞ்சிய வேலை பிராட்போர்டு ஆன் ஏவன் என்ற ஊருக்கு அருகே, பழைய கற்சுரங்கத்தில் போர்க்காலத்தில் அமைத்த நிலத்தடிப் பட்டறைக்குப் போய், 1970இல் அங்கும் நின்றது. அந்த ஆண்டில் சுமார் 200 இண்டர்செப்டர் என்ஜின்கள் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. அமெரிக்காவில் அவற்றுக்குச் சொல்லி வைத்திருந்த வணிகர் பிளாய்டு கிளைமர் காலமாகிவிட்டார். வேறு ஆள் இல்லை. கடைசியில் ரிக்மன் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயர்கள் அவற்றில் பலவற்றை வாங்கித் தாங்கள் செய்த சட்டத்தில் பூட்டி விற்றார்கள். வாங்குபவர் ஒருவர் மறைந்ததும் 200 என்ஜின் அநாதையாகிறது என்றால், அந்த வணிகம் எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்கியிருக்கிறது பாருங்கள்.

திருவொற்றியூரில் அன்றும் சங்கு ஊதிற்று. வேலையாட்கள் உள்ளே போனார்கள். அவர்களுக்கு அமெரிக்கா ஒரு பொருட்டே இல்லை. வாங்கியவர்கள் இராணுவத்தார், போலீசார், மிராசுதார்கள். மண் சாலையில் கிளைக் கிராமங்களுக்குப் பூசை வைக்கச் சென்ற பங்குத் தந்தையரையும் விட்டுவிடக்கூடாது. 1974 செப்டம்பர் முதல் அமெரிக்கச் சட்டம் எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் கியர் இடக்காலில் இருக்கவேண்டும் என்றது. வலக்காலில் கியர் வைத்திருந்த ஆங்கிலேயக் கம்பெனிகள் அவசர அவசரமாக வண்டியை மாற்றின. நம் புல்லட்டோ 2000ஆம் ஆண்டு தாண்டியும் வலக்காலிலேயே கியர் போட்டுக்கொண்டிருந்தது! 1977இல் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். மகள் தாய்வீட்டுக்குச் சீர் கொண்டு போனதுபோல.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. தொலைவிலுள்ள சந்தையை எண்ணிப் பாராத தொழிற்சாலைக்குத் திருந்தும் கட்டாயமும் இல்லாமற்போகும். எண்ணெய் கசிவதும் உதைத்து உதைத்துக் கால் வலிப்பதும் புல்லட்டுக்காரர் வீட்டுக் கதைகள்.

நமக்கு மிக அருகில், பாலாற்றுப் பாலத்துக்கு அப்பால் இராணிப்பேட்டையிலேயே இதன் இன்னொரு கிளைக்கதை உண்டு. 1980களின் தொடக்கத்தில் என்பீல்டு இந்தியா, ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரத்து ஜுண்டாப் கம்பெனியின் ஒத்துழைப்போடு சிறு வண்டிகள் செய்ய அங்கே ஒரு தொழிற்சாலை வைத்தது. சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் என்ற 50 சி.சி. வண்டிகளும், பின்னர் பியூரி என்ற 175 சி.சி. வண்டியும் வந்தன. ஆனால் ஜுண்டாப் 1984இல் நொடித்துப்போய், அதன் இயந்திரங்கள் சீனாவின் தியான்ஜின் நகருக்கு விற்கப்பட்டன. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சுசுகி, ஹோண்டா, யமஹா ஒத்துழைப்புடன் 100 சி.சி. வண்டிகள் நம் நாட்டில் இறங்கின. கற்றுக்கொடுத்தவர் கடையைக் கட்டியபின் இராணிப்பேட்டை வண்டிகளால் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலவில்லை. உரிமம் வாங்கியவருக்கு உள்ள ஆபத்து இது.

1994இல் ஐஷர் நிறுவனம் என்பீல்டு இந்தியாவை வாங்கிக்கொண்டது. 2000ஆம் ஆண்டையொட்டி மூடிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். பிழைத்தது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புகைச் சட்டங்களுக்கு ஈடுகொடுக்காது என்று புதிய என்ஜின் செய்து, 2008இல் முதலில் ஜெர்மனியிலும் 2009இல் இங்கும் விற்றார்கள். 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. அமெரிக்காவில் நெடுநாள் ஓர் இறக்குமதியாளர் வழியே விற்றுவந்தவர்கள், 2015இல் மில்வாக்கி நகரில் சொந்தக் கிளை திறந்தார்கள். ஹார்லி டேவிட்சன் பிறந்த ஊர் அது, துணிச்சல்தான். 2018இல் 650 சி.சி. வண்டி ஒன்று வெளிவந்தது. அதற்கு வைத்த பெயர் இண்டர்செப்டர். ரெட்டிச்சு 1959க்குப் பின் செய்யத் தவறியதைத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலை 56 ஆண்டு கழித்துச் செய்தது.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். 2024-25ஆம் ஆண்டில் இக்கம்பெனி விற்ற வண்டிகள் 10 இலட்சத்துக்கு மேல். அவற்றில் ஏற்றுமதியானவை ஏறத்தாழ 1 இலட்சம். பத்தில் ஒன்பதை உள்நாட்டார் வாங்குகிறார்கள். ஏதோ ஒரு நாடு நாளைக்குக் கதவைச் சாத்தினாலும் ஒரகடத்தில் அடுப்பு அணையாது.

நம் பகுதி ஷூ கம்பெனிகளின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அவற்றில் பல ஏற்றுமதியை நம்பியே நிற்பவை. விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறிப்போகும் அம்மாமாரும் அக்காமாரும் இந்தச் சாலையோர ஊர்களில் எத்தனை பேர்! 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, தோல் பொருள்களும் காலணிகளும் அதில் அகப்பட்டன. புல்லட்டுக்கு உள்ளூரில் ஒன்பது பங்கு ஆள் உண்டு. ஆம்பூர்க் காலணிக்கு?

ஒருமுறை அந்தக் காலணியைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பெரும்பாலும் ஓர் ஐரோப்பிய அல்லது அமெரிக்கக் கம்பெனியின் பெயர் இருக்கும், 1955இல் ரெட்டிச்சு வண்டியின் பெட்ரோல் தொட்டி மேல் 'இந்தியன்' என்று இருந்ததுபோல. செய்த நாட்டின் பெயர் உள்ளே, நாக்குத் தோலின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். தைத்த ஊரின் பெயர் அங்கும் இராது.