கேட்க நாலு காது வேணும், தங்கச்சி

நேற்று போனில் அழுகைக்கு நடுவே நீ கேட்டது ஒன்றுதான்: "அக்கா, ஆபரேஷனா, கரன்ட் வைக்கிறதா, நான் எதைச் சொல்லட்டும்?"

நீ எதையும் சொல்லாதே. நான் சொல்லிவிட்டுப் பட்டவள்.

உன் வீட்டுக்காரருக்கு இப்போது வந்திருப்பது போலவே உன் மாமாவுக்கும் குரல்வளையில் புற்றுக்கட்டி என்று தெரிந்தபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார். குரல்வளையை எடுத்துவிடலாம், இல்லையென்றால் மருந்தும் கரன்ட்டும், அதாவது கதிர்வீச்சும், சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "எடுத்துடுங்க சார்" என்றேன். கட்டி வெளியே போனால் போதும் என்ற பயம். திருப்பதியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும் வரை மனுஷன் பேசவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னார்: "என் குரலை நீயே ஏலம் போட்டுட்டியே." சித்தூர் மாங்காய் மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூறியவர் அவர்.

மறுநாளே திரும்பப் போய், "நேற்று பேசியது நான், இன்று அவரிடம் பேசுங்கள்" என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீயும் கேட்டுவிடு: "யோசிக்க எத்தனை நாள் எடுத்துக்கலாம் சார்?" பெரும்பாலும் சில நாள் அவகாசம் கிடைக்கும். மூச்சு விட முடியவில்லை, இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் மட்டும் யோசனையெல்லாம் கிடையாது, நேராக எமர்ஜென்ஸிதான்.

அந்த அவகாசத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. 1991-ல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 332 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பாதிப்பேருக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு முதலில் மருந்து, பிறகு கரன்ட். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் நூற்றுக்கு 68 பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்தும் கரன்ட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குக் குரல்வளையும் தப்பியது. அதற்காக எல்லாருக்கும் இதுவே சரி என்று எடுத்துக்கொள்ளாதே. கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே போயிருந்தால் ஆபரேஷன்தான் நல்லது என்பார்கள். "இவர் கட்டிக்கு எது பொருந்தும், ஏன்?" என்று கேட்க வேண்டும்.

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1981-ல், இன்னொரு ஆய்வு. நோயே இல்லாத 37 தீயணைப்பு வீரர்களிடமும் கம்பெனி அதிகாரிகளிடமும், குரலா ஆயுளா என்று கேட்டார்கள். ஐந்தில் ஒருவர், ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பேச்சு வேண்டும் என்றாராம். அந்த ஒருவர் உன் வீட்டுக்காரரா என்று உனக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே.

கேட்பதற்கும் இடம் வேண்டும். மாமியார், கொழுந்தனார், எதிர்வீட்டு வாத்தியார் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் எந்த ஆம்பிளையும் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்ல மாட்டான். நாங்கள் மொட்டை மாடியில், கரன்ட் போன ஒரு ராத்திரியில் பேசினோம். "எது போனாலும் தாங்கிக்குவீங்க, எது போனா தாங்க மாட்டீங்க?" இதைத்தான் கேட்டேன்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க, மனசு உடைஞ்சிடும்" என்று யாராவது உன் காதைக் கடிப்பார்கள். திருப்பதியில் அலிபிரி பக்கம் டாட்டா டிரஸ்ட்டும் தேவஸ்தானமும் சேர்ந்து கட்டி 2022 மே மாதம் திறந்த ஆஸ்பத்திரியின் பெயரிலேயே கேன்சர் இருக்கிறது. வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிடும் விஷயத்தை யாரிடம் மறைப்பது?

ஒரு நோட்டு வாங்கிக்கொள். பதற்றத்தில் அவருக்குப் பாதிதான் காதில் விழும், உனக்கு மறுபாதி. அதனால்தான் நாலு காது. முதல் கேள்வி: "இந்த வைத்தியம் குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?" கையெழுத்துப் போடும் தாள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ இருக்கும். தெலுங்கு பேசத் தெரியும் என்பதற்காகத் தலையாட்டிவிடாதே, நிறுத்தி வாசித்துக் காட்டச் சொல்.

இன்னொரு டாக்டரிடம் காட்டுவது துரோகம் இல்லை. சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. ஒரு மணி நேரப் பயணம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பயாப்ஸி ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் கேட்டு வாங்கிப் போ. நாம் இன்னும் ஆரோக்யஸ்ரீ என்று சொல்லும் என்.டி.ஆர். வைத்ய சேவா காப்பீட்டுக் கார்டு அங்கே செல்லுமா என்று கிளம்புவதற்கு முன்பே விசாரி.

ஆபரேஷன் என்று முடிவானாலும் பேச்சே போய்விடும் என்று நினைக்காதே. தொண்டைக்குள் பொருத்தும் குரல் வால்வு இருக்கிறது. பெங்களூரு டாக்டர் விஷால் ராவ் ஏழைகளுக்காக மிகக் குறைந்த விலையில் 'ஓம்' என்று ஒன்றைச் செய்தார். அப்படிப் பேசுகிற ஒருவரை நேரில் சந்திக்க வைக்கும்படி டாக்டரிடம் கேள். பத்து நோட்டீஸ் படிப்பதைவிட அது மேல்.

கரன்ட் என்றால் பல் டாக்டரை முதலில் பாருங்கள், காப்பாற்ற முடியாத சொத்தைப் பல்லை அதற்கு முன்பே பிடுங்கியாக வேண்டும். வாரம் ஐந்து நாள், ஏழு வாரம் வரை போகும். சித்தூரிலிருந்து தினம் போய்வரலாம் என்றுதான் நாங்களும் ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாதபோது திருப்பதியிலேயே ரூம் எடுத்தோம். மூக்கு வழியே டியூப் போட்டுச் சாப்பாடு கொடுக்கலாம் என்றால் அதைத் தோல்வி மாதிரி நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள், உடம்பு எடை இறங்கக் கூடாது. மருந்து ஏற்றிய பிறகு காய்ச்சல் 100.4 தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதே, அந்த ராத்திரியே கிளம்பு. பீடியை நிறுத்தச் சொல். அதில் மட்டும் அவர் முடிவு என்று விட்டுவிடாதே.

உன் மாமா மருந்தும் கரன்ட்டும்தான் எடுத்தார். அப்போது திருப்பதியில் பக்கத்துப் படுக்கைக்காரம்மா, வேறு கேன்சர், முடியெல்லாம் கொட்டிப்போன தலையோடு தைரியமாகக் கடைவீதிக்குப் போய்வருவாள். "இந்த ஊர்ல மொட்டையை யாரு திரும்பிப் பார்க்கறாங்க!" என்று சிரிப்பாள்.

நீ சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்க ஆள் இருக்காது. நான் கேட்பேன், தினம் எட்டு மணிக்கு.

சகலையிடம் பேச வேண்டும் என்று மாமா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். குரல் கரகரக்கும், போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்.