பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

“வாமி பாரைத் தொட்டால் கிட்டார் சுருதி கலைந்துவிடும்.”

இதை இன்னும் எத்தனை பேர் வாயால் கேட்க வேண்டுமோ தெரியவில்லை. ஈக்காட்டுத்தாங்கல் கலைமகள் நகரில் நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கிற மாடியறைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டார் இருக்கும். பிரிட்ஜில் திருகி அழுத்தும் கைப்பிடியான அந்தப் பார் மட்டும் இருக்காது. எங்கே என்று கேட்டால், “பையில இருக்கு சார், மாட்டவே மாட்டாதேன்னு சொல்லிட்டாங்க” என்பார்கள். சொன்னவர் கடைக்காரராக இருப்பார், பழைய வாத்தியாராக இருப்பார், சர்ச்சில் வாசிக்கும் அண்ணனாக இருப்பார். ஒலிம்பியா டெக் பார்க்கில் வேலை முடிந்து லேப்டாப் பையோடு வகுப்புக்கு வருகிறவர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். யார் சொல்லியிருந்தாலும் சரி, நான் திருப்பிக் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வருவதில்லை: எந்தக் கம்பி கலைகிறது? ஏறுகிறதா, இறங்குகிறதா?

அதைக் கவனிக்காமல் பாரைக் குற்றம் சொல்வது, ஜுரம் எத்தனை டிகிரி என்று பார்க்காமலே மருந்து எழுதிக்கொடுக்கிற வேலை.

முதலில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பார் மாட்டிய கிட்டாரில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உடம்போடு இறுகி நிற்காது. முன்விளிம்பில் மட்டும் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னும் சாயும். ஆறு கம்பிகளும் அதை ஒரு பக்கம் இழுக்கின்றன. உடம்பின் பின்குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. 9 கேஜ் என்னும் மெல்லிய கம்பி செட்டை வழக்கமான சுருதியில் நிறுத்தினால் ஆறு கம்பிகளின் இழுவை மொத்தம் சுமார் 38 கிலோ. அதை ஸ்பிரிங்குகள் ஈடுகட்டிக்கொண்டிருக்கும்வரை பிரிட்ஜ் ஒரு நிலையில் நிற்கும். பாரை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். சுருதியைத் தின்னும் பேய் எதுவும் இதில் இல்லை.

அப்படியானால் கலைவது ஏன்? பிரிட்ஜ் திரும்பிவிடுகிறது, கம்பி திரும்புவதில்லை. கோளாறு பெரும்பாலும் பாருக்கு நேர் எதிர்க்கோடியில், கழுத்தின் உச்சியில் கம்பிகள் பள்ளங்களில் தங்கும் நட்டில் இருக்கிறது. பாரை அழுத்தும்போது பிரிட்ஜ் பக்கம் கம்பி தளர்கிறது. நட்டுக்கு அந்தப் புறம், ட்யூனிங் கீ பக்கம் இருக்கும் துண்டில் இழுவை அதிகமாக நிற்கிறது. அதனால் மயிரிழை அளவு கம்பி நட்டின் பள்ளம் வழியாக அந்தப் பக்கம் நழுவுகிறது. பாரை விட்டதும் அதே அளவு இந்தப் பக்கம் திரும்பி வர வேண்டும். பள்ளம் இறுக்கமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் வராது, அங்கேயே சிக்கிக்கொள்ளும். விளைவு, சுருதி கொஞ்சம் ஏறி நிற்கும்.

இதை உங்கள் கிட்டாரிலேயே சோதிக்கலாம். மூன்றாவது கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு, பாரை நன்றாக அழுத்தி விடுங்கள். கம்பியை மீட்டிப் பாருங்கள். ஏறி நிற்கிறதா? இப்போது அதே கம்பியை இடது கையால் ஒருமுறை நன்றாக இழுத்து வளைத்து விட்டு, மறுபடி மீட்டுங்கள். சுருதி இறங்கித் தன் இடத்துக்கு வந்துவிட்டதா? நட்டில் சிக்கியிருந்த கம்பியை நீங்களே இழுத்து விடுவித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நடராஜ் பென்சிலைச் சீவி அதன் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். அடங்கவில்லையென்றால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து அரம் போட்டுப் பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். காரியம் முடிந்தது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாரைக் கழற்றிப் பையில் போட்டவர்கள் இடது கையால் கம்பியை வளைத்துத்தானே வாசிக்கிறார்கள்? அப்போது கம்பி எதிர்த்திசையில், பிரிட்ஜ் பக்கம் இழுபடுகிறது. நட் சிக்கினால் சுருதி இறங்கி நிற்கும். இறங்கத்தான் செய்கிறது. உடனே “ஸ்ட்ரிங் சரியில்ல சார்” என்பார்கள். அதே நட், அதே சிக்கல். பார் இருந்தால் பாரின் மேல் பழி, இல்லையென்றால் கம்பியின் மேல் பழி.

இந்த வதந்திக்கு உரம் போடுவது இன்னொரு கூத்து. 9 கேஜுக்காக அமைத்த கிட்டாரில், ‘சவுண்ட் கனமா வரும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு 10 கேஜ் போடுவார்கள். மொத்த இழுவை 38 கிலோவிலிருந்து ஏறக்குறைய 47 கிலோவுக்குப் போகிறது. ஸ்பிரிங்கை யாரும் தொடுவதில்லை. பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொள்ளும், கம்பிகள் விரல்பலகையிலிருந்து எகிறி நிற்கும், தடித்த கம்பி பழைய நட் பள்ளத்தில் நெரிபடும். அதன்பிறகு பாரை அழுத்தினால் சுருதி எப்படி நிற்கும்? பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள் தெரியும். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று இறுக்கு, சுருதி சேர், பிரிட்ஜைப் பார், மறுபடி இறுக்கு. அரை மணி நேர வேலை. அந்த மூடியைத் திறக்காமலே ஆயுள் முழுக்கப் பாரைத் திட்டிக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது?

மற்ற காரணங்கள் சில்லறை. புதுக் கம்பியை இழுத்துப் பழக்காமல் மாட்டியிருப்பீர்கள். கீயில் ஏழெட்டுச் சுற்று சுற்றியிருப்பீர்கள், இரண்டு மூன்று போதும். இந்த ஊர் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் கம்பி துருப்பிடித்து மாதக் கணக்காகியிருக்கும். பார் அதன் துளையில் லொடலொடவென்று ஆடினால் ஹார்டுவேர் கடையில் பிளம்பர்கள் வாங்கும் டெஃப்ளான் டேப்பை அதன் மரையில் இரண்டு சுற்று சுற்றித் திருகுங்கள். மலிவு கிட்டார்களில் ஊன்றும் விளிம்பே மழுங்கியிருக்கும். அது மட்டும் உண்மையான பிரிட்ஜ் கோளாறு, பாகத்தை மாற்ற வேண்டும்.

இதெல்லாம் இசை மர்மமே இல்லை, பட்டறை விஷயம். நமக்குப் பக்கத்திலேயே 1958-இல் வந்த கிண்டி தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே லேத் ஓட்டுகிற எவரிடமும் உராய்வு, ஊன்றுமுனை, எதிரிழுவை என்று சொல்லிப் பாருங்கள், அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார். பாரைச் செம்மை செய்தவர்களும் அந்த ஜாதிதான். பிக்ஸ்பி வைப்ராட்டோ என்ற பாரைச் செய்த பால் பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர். கம்பியைப் பூட்டும் நட்டைக் கொண்டுவந்த ஃப்ளாய்ட் ரோஸ் கிட்டார் வாசிப்பதோடு நகை வேலையும் செய்தவர், அந்தக் கருவிகளை வைத்தே நட்டைச் செய்தார். லேத் சத்தத்துக்கு நடுவே குடியிருந்துகொண்டு நாம் மட்டும் இதை ஏதோ சாபம் போலப் பேசுகிறோம்.

வரலாறும் இந்த வதந்திக்குச் சாட்சி சொல்லாது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாரோடு வந்தது 1954-இல். ஃப்ளாய்ட் ரோஸின் பூட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1979-இல். நடுவில் கால் நூற்றாண்டு. ஹாங்க் மார்வின் 1960-இல் ‘அப்பாச்சி’யைப் பாரைப் பிடித்துக்கொண்டே வாசித்தார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக்கில் ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைப் பாரால் குலுக்கி எடுத்தார். சுருதி விலகியதா என்றால் விலகியது. வாசிப்பின் நடுவிலேயே காதால் கேட்டுத் திருத்திக்கொண்டு போனார். பாரைக் கழற்றிப் பையில் போடவில்லை.

இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கைக் கேளுங்கள். 2023 ஜனவரியில் மறைந்தார். 1989-இல் வந்த அவருடைய ‘வேர் வேர் யூ’ என்ற மெட்டில், கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியைப் பாரால் ஏற்றி இறக்கியே ராகத்தைக் கட்டியிருப்பார். ஒவ்வொரு சுவரமும் வலது கையின் அழுத்தத்தில் நிற்கிறது. கொஞ்சம் தவறினாலும் அபஸ்வரம். பார் சுருதியைக் கெடுக்கும் பொருளாக இருந்தால் இதை வாசிக்கவே முடியாது.

இனி மற்ற நம்பிக்கைகள். இவற்றுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

நம்பிக்கை: ஃப்ளாய்ட் ரோஸ் பூட்டு இருந்தால்தான் பாரைத் தொடலாம்.
உண்மை: நட்டில் கம்பியைப் பூட்டிவிட்டால் உராய்வுப் பிரச்சினை தீரும், சரிதான். ஆனால் கம்பி மாற்றுவது பெரிய வேலையாகிவிடும். மேடையில் ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்கின் கை ஓங்கி மற்ற ஐந்தும் ஏறிப்போகும். இறங்குமுகமாக அதலபாதாளம்வரை போக விரும்புகிறவர்கள் வாங்கட்டும். மெல்ல அசைத்துப் பழக வந்தவருக்குச் சாதாரணப் பிரிட்ஜே போதும்.

நம்பிக்கை: பார் என்றால் கூச்சல்தான்.
உண்மை: ஒலிபெருக்கிக்கு வாய் இருந்தால் அழும். ஆனால் கூச்சல் போடுவது கைதான், பார் இல்லை.

நம்பிக்கை: பார் இருந்தால் இடது கை அசைவு தேவையில்லை.
உண்மை: இடது கை ஒரு கம்பியை அசைக்கிறது, பார் ஆறையும் அசைக்கிறது. ஒன்றுக்கு மற்றது மாற்று ஆகாது.

நம்பிக்கை: பார் இருந்தால் கமகம் தானாக வந்துவிடும்.
உண்மை: இதற்குக் கொஞ்சம் நிற்க வேண்டும், இந்த ஊரில் இது அதிகம் புழங்குகிறது. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் கருவியில் பார் ஏது? எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசித்துக் காட்டிய சுகுமார் பிரசாத் கமகத்தை எடுத்தது இடது கையில். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பாஸ்டன் பெர்க்லி போன ஆர். பிரசன்னா, ஹென்ட்ரிக்ஸுக்கு வணக்கம் வைத்து 2006-இல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்றே ஒரு ஆல்பம் கொண்டுவந்தார். அவருடைய கமகத்துக்கும் ஆதாரம் விரல்தான்.

பாரில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரே அழுத்தத்துக்கு எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்காது. 9 கேஜ் செட்டில் முதல் கம்பி அரைச் சுவரம் இறங்கும்போது மூன்றாவது கம்பி ஒரு முழுச் சுவரத்தைத் தாண்டி இறங்கிவிடும். அளவு கையில் இல்லை, காதில்தான் இருக்கிறது. தோடியின் காந்தாரம் எங்கே புறப்பட்டு எதைத் தொட்டுத் திரும்புகிறது என்று பாடத் தெரியாதவருக்குப் பார் அதைச் சொல்லிக்கொடுக்காது.

பாருக்கென்று ஒரு தனி வேலை இருக்கிறது. வீணையிலும் கிட்டாரிலும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும். பாரால் இறங்கலாம். முதலில் பாரைச் சற்று அழுத்திக்கொண்டு, பிறகு மீட்டி, மெல்ல விடுங்கள். சுவரம் கீழிருந்து மிதந்து வந்து தன் இடத்தில் உட்காரும். நான் முதலில் பழக்குவது இதைத்தான். ‘ச’வைப் பிடித்து, பாரால் ‘நி’வரை இறக்கி, திரும்ப ‘ச’வுக்கு வர வேண்டும். வந்த ‘நி’ சரியா என்று முந்தைய ஃப்ரெட்டில் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பெரிய வித்தை எல்லாம் பிறகு.

இந்தப் பயிற்சியைத் தொடங்கிய உடனே மாணவர் கிட்டார் தலையில் மாட்டியிருக்கும் கிளிப் ட்யூனரைப் பார்க்கிறார். பச்சை விளக்கு எரிந்தால் சந்தோஷம். நான் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவேன், கோபித்துக்கொள்வார்கள். கண்ணால் சுருதி சேர்க்கிறவருக்குப் பார் எதற்கு? பச்சை விளக்கு நின்ற சுருதியைச் சொல்லும். போகிற வழியைச் சொல்லாது.

ஆகவே என் வகுப்பில் பாரைத் தொடுவதற்கு முன் பாட வேண்டும். “கிட்டார் கத்துக்க வந்தேன், பாட்டு கிளாஸுக்கு வரலியே சார்” என்பவர்களுக்கு ஜெஃப் பெக்கையே பதிலாகச் சொல்கிறேன். ‘வேர் வேர் யூ’வுக்கு அவர் காது கொடுத்தது பல்கேரியப் பெண்கள் பாடும் கூட்டிசைக்கு. 2001-இல் நிதின் சாஹ்னியின் ‘நாடியா’வை எடுத்து, அதில் ஓர் இந்தியப் பெண்குரல் போன பாதையைக் கிட்டாரில் கொண்டுவந்தார். இங்கிலாந்துக்காரர் நம் குரலைத் தேடி வந்து கேட்டிருக்கிறார். நாமோ அவர் எந்தக் கம்பெனி பார் வைத்திருந்தார் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

பல வீடுகளில் பூஜை அலமாரியில் அம்மாவின் சுருதிப்பெட்டியோ மின்தம்புராவோ தூசி படிந்து கிடக்கிறது. எடுத்துத் துடைத்து ஒலிக்கவிடுங்கள். தினம் பத்து நிமிடம் அதோடு ‘ச’வும் ‘நி’யும் பாடிவிட்டுக் கிட்டாரைத் தொடுங்கள். மார்கழியில் மயிலாப்பூர் சபா கேன்டீன் வரை போகத் தெரிந்தவர்கள், காபி குடித்த கையோடு அரங்கத்துக்குள்ளும் போய் ஒரு கச்சேரியை ஆலாபனை முடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து அது ஒன்றும் சீமை இல்லை.