வைஃபை எங்கே போச்சு? பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட பிறகு

உங்க வீட்டுப் பரணில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறதா? அத்திப்பட்டில் எங்க வீட்டிலும் இருந்தது. அக்கா பிளஸ் டூ படித்தபோது வந்தது. இந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியதே எங்க திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்ற திறந்த மூல இயங்குதளத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். நம்மில் பல பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம்!

இப்போது அந்தப் பக்கம் போக ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன், பாஸ் போன்றவை இலவசம். அப்டேட்டும் வரும், பழைய இயந்திரத்திலும் ஓடும். ஆனால் போட்டு முடித்ததும் வைஃபை காணோம், சத்தம் வரலை என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குப் பொறியியல் கலந்தாய்வுக்காக முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். இ-சேவை தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கட்டணச் சலுகையே அந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கிறது. "லேப்டாப்பை ரெடி பண்ணித் தர்றேன், நாளைக்கு வாம்மா" என்று பெரிதாகச் சொல்லிவிட்டு, ராத்திரி லினக்ஸ் மின்ட் போட்டேன். திரை வந்தது, டச்பேட் வேலை செய்தது. வைஃபை அடையாளமே இல்லை. பதற்றத்தில் மறுபடியும் முதலில் இருந்து நிறுவினேன். அப்பவும் இல்லை. திரும்பத் திரும்ப நிறுவுவது எதையும் சரிசெய்யாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் இணையம் வேண்டும். வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது? பதில் உங்க கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் சில நொடிகளில் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில மலிவு கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தரவைக் கடத்தாது.

அடுத்து, நோய் எங்கே என்று பார்க்கணும். டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் என்-என்-கே என்ற மூன்று எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். பயப்படாதீங்க, அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் இடம் மட்டும் போதும்.

அந்த வரியே இல்லையென்றால் கணினிக்குத் தன் வைஃபை அட்டை கண்ணிலேயே படவில்லை என்று அர்த்தம். இது லினக்ஸ் பிரச்சினை இல்லை. அட்டை பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது உள்ளே சரியாக உட்காராமல் இருக்கலாம். எண்ணூர், அத்திப்பட்டு, திருவொற்றியூர் பக்கம் கடல் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து, வருஷக்கணக்கில் மூடி வைத்த இயந்திரத்தின் இணைப்பு முனைகளைக் கெடுத்துவிடும். கடையில் கொடுத்துத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் ஆன் செய்யவே வேண்டாம், முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

வரி இருக்கிறது, ஆனால் அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லை என்றால், டிரைவர்தான் குறை. என் விஷயத்தில் இதுதான். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஓர் அடையாள எண் இருக்கும். அது 8086 என்று தொடங்கினால் இன்டெல். பெரும்பாலும் தானாகவே ஓடும். 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். பிராட்காம் அட்டைகள் பலவற்றுக்குத் தனி டிரைவர் போடணும். மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற செயலியைத் திறந்தால் அதுவே பரிந்துரைக்கும். டெபியன் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல், இப்படிப்பட்ட வன்பொருளுக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகளை நிறுவல் வட்டிலேயே சேர்த்துத் தருகிறார்கள்.

மூன்றாவது வகை: டிரைவரும் இருக்கிறது, நெட்வொர்க் மட்டும் தெரியவில்லை. ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், இடைவெளி, 'லிஸ்ட்' என்று அடியுங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்' என்று வந்தால் ஏரோபிளேன் மோடை அணைத்தால் போதும். 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச் அல்லது விமானப் படம் போட்ட சாவி இருக்கும், தேடுங்கள்.

என் கதை டிரைவரோடு முடியவில்லை. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்டது, ஏதோ ஒன்றைக் கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வந்தது. புரியாமல் 'கன்டினியூ பூட்' தட்டிவிட்டேன். வைஃபை வரவே இல்லை! காரணம் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு. கையொப்பம் பதிவாகாத டிரைவரை அது உள்ளே விடாது. அந்த நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு கொடுத்த அதே பாஸ்வேர்டைப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். சில நொடிகள்தான் காத்திருக்கும், அப்புறம் போய்விடும். நான் கடைசியில் பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்தேன். அதே லேப்டாப்பில் விண்டோஸும் பிட்லாக்கர் பூட்டோடு இருந்தால் இதைச் செய்வதற்கு முன் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் உள்ளே போக முடியாமல் போகலாம்.

சத்தம் வராத பிரச்சினை பெரும்பாலும் சின்னதுதான். சவுண்ட் செட்டிங்ஸில் வெளியீடு 'எச்டிஎம்ஐ' என்று இருக்கும், 'ஸ்பீக்கர்' என்று மாற்றுங்கள்.

கடிகாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்பின் ஆகும். லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதுதான் காரணம். காலை 10 மணிக்கு விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸுக்கு வந்தால் பிற்பகல் 3.30 காட்டும். இணையம் வந்ததும் லினக்ஸ் தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆனால் அடுத்து விண்டோஸில் நேரம் பின்னால் போயிருக்கும். தேதியே பழைய வருஷத்துக்குப் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் அரசுத் தளம், வங்கித் தளம் எதைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் தடுக்கும். தளம் பழுது என்று நினைக்க வேண்டாம். தேதியைச் சரிசெய்யுங்கள். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப்போய் ஆதார் எண்ணைக் கொடுக்காதீங்க.

ஓய்வூதியர்கள் கவனத்துக்கு: உயிர்வாழ் சான்றிதழுக்காகக் கைரேகைக் கருவியை லினக்ஸில் இணைத்துப் போராட வேண்டாம். 'ஜீவன் பிரமான்' முக அடையாள வசதி ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது.

இன்னும் லினக்ஸ் போடாதவர்கள் பென்டிரைவில் இருந்து 'லைவ்' முறையில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் அங்கேயே வேலை செய்தால் பிறகு நிறுவலாம். போட்டோக்களை முன்னாடியே வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நிறுவல் முழு வட்டையும் அழித்துவிடக் கூடும்.

தங்கச்சியின் விண்ணப்பம் மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தது, அதுவும் போன் கேபிள் வழியாகத்தான். வைஃபை சாயங்காலம்தான் வந்தது. நீங்களும் எங்கேயாவது நின்றுவிட்டால் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கும் லினக்ஸ் பயனர் குழுக்களிடம் கேட்கலாம். கேட்கும்போது லேப்டாப் மாடல் பெயர், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, அந்தச் சதுர அடைப்பு எண், இந்த நான்கையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள்.