ஃபோல்ட் செய்யாதவரோடு ஒமாஹா

குறைந்த தொகைக்கு இணையத்தில் ஒமாஹா போக்கர் ஆடுகிறவர்களிடம் ஒரே புலம்பல்தான் கேட்கும்: எதை வைத்தாலும் கால் செய்கிறான், கடைசிச் சீட்டில் அடித்துவிட்டுப் போகிறான், இவனிடம் திறமைக்கு என்ன மரியாதை என்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது. லூஸாக ஆடும் ஒருவர் உட்கார்ந்திருப்பதால்தான் அந்த மேசையில் நாம் உட்காரவே காரணம் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் மீதி ஐந்து பேரும் ஒரே பாடங்களைப் படித்துவிட்டு ஒரே மாதிரி ஆடி, தளத்துக்குக் கமிஷன் கட்டிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். ஆகவே அவரைத் திட்டுவதை விட்டு, அவருக்காக நம் ஆட்டத்தில் எதை மாற்றுவது, எதை மாற்றக் கூடாது என்று கேட்க வேண்டும். என் பதில் சுருக்கமானது. அவர் நம்முடைய நல்ல கையின் விலையை உயர்த்துகிறார். சுமாரான கையை நல்ல கையாக்கித் தருவதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் போகும் பணம் வேறெந்தத் தவறிலும் போவதில்லை.

விதிகளை இங்கே விரிக்கப் போவதில்லை. கையில் நான்கு சீட்டு, அதில் சரியாக இரண்டு, மேசையில் விழும் ஐந்தில் சரியாக மூன்று. பெட்டின் உச்சவரம்பு பாட்டின் அளவு. ஆறு பேர் மேசை, ஆளுக்கு 100 பெரிய பிளைண்ட், பகல் வேலை முடிந்து இரவில் ஓரிரு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டதால், இது அங்கிருப்பவர்களுக்குப் பயன்படாது. 2022 ஏப்ரலில் உரிமம் பெற்ற தளங்களுக்குச் சந்தையைத் திறந்த ஒன்டாரியோ போன்ற இடங்களில் ஆடுகிறவர்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் சொல்லும் யோசனையை எடுத்துக்கொள்வோம்: "இறுக்கமாக ஆடு, ஏஸ் ஜோடிக்குக் காத்திரு, அவன் தானாக வந்து விழுவான்." இது ஹோல்டெமிலிருந்து இரவல் வாங்கிய அறிவு. ஹோல்டெமில் ஏஸ் ஜோடி, ஏதோ ஒரு கையை எதிர்த்து 100-க்கு 85 தடவை வெல்லும். ஒமாஹாவில் ஏஸ் ஜோடியுள்ள சராசரிக் கை, கண்ணை மூடி எடுத்த நான்கு சீட்டை எதிர்த்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவைதான் வெல்லும். எதிரே மூன்று பேர் சேர்ந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். அந்த ஜோடியே சுமார் 40 கைக்கு ஒருமுறைதான் வரும். வந்தாலும் பாட் லிமிட் விதி முழுப் பணத்தையும் முதலிலேயே உள்ளே தள்ள விடாது. ஒருவர் 3.5 பிளைண்டுக்கு ரைஸ் செய்ய, நாம் உச்சவரம்பு வரை 12-க்கு ஏற்ற, அவர் கால் செய்தால், பாட்டில் 25.5 இருக்கும், கையில் இன்னும் 88 இருக்கும். அதாவது ஆட்டத்தின் பெரும்பகுதி பிளாப்புக்குப் பிறகுதான் நடக்கப் போகிறது. நம்மிடம் ஏஸ் ஜோடி இருப்பதை ஊரே அறிந்திருக்கும், அவரிடம் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. ஆகவே, முதல் நான்கு சீட்டில் அவர் செய்யும் தவறு பார்வைக்குப் பெரியது, பணத்தில் சிறியது. அங்கே கிடைக்கும் சாதகத்தை வைத்து மட்டும் கமிஷனைத் தாண்ட முடியாது.

பெரிய தவறை அவர் பிளாப்பில் செய்கிறார். தான் எதிர்பார்க்கும் சீட்டு விழுந்தாலும் தோற்கக்கூடிய கையோடு காத்திருக்கிறார். ஓர் உதாரணம். பிளாப் 10, 9, 4, மூன்றும் வேறு வேறு ஜாதி. அவர் கையில் 8, 7, 6, 2. அவர் எண்ணிப் பார்க்கிறார்: ஜாக் நான்கு, 8 மூன்று, 7 மூன்று, 6 மூன்று, ஆக 13 சீட்டில் எது விழுந்தாலும் ஸ்ட்ரெயிட். இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது அது ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு. பாட் அளவு பெட்டுக்குக் கால் செய்ய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புப் போதும். ஆகவே மகிழ்ச்சியாகக் கால் செய்கிறார். நம் கையில் ஏஸ், ராணி, ஜாக், 8 இருக்கிறது என்று வையுங்கள். 8 விழுந்தால் நம் ஸ்ட்ரெயிட் ராணி வரை போகிறது, அவருடையது 10-இல் நிற்கிறது. 7 விழுந்தால் நம்முடையது ஜாக் வரை. ஜாக் விழுந்தாலும் நாமே மேலே. ஸ்ட்ரெயிட் கணக்கில் அவருக்கென்று மிஞ்சுவது மூன்று 6 மட்டும். ராணியோ ராஜாவோ விழுந்தால் நமக்கு மட்டும் ஸ்ட்ரெயிட். அவர் போட்ட கணக்கில் பிழையில்லை. எதிரே இருக்கும் நான்கு சீட்டை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் ஆசைப்பட்ட சீட்டு விழும் போதுதான் அவர் பணம் முழுவதும் நம்மிடம் வருகிறது. ஒமாஹாவில் லூஸ் ஆட்டக்காரரிடமிருந்து வரும் லாபம் என்பது பெரும்பாலும் இதுதான். இரண்டு பேரிடமும் ஒரே ஸ்ட்ரெயிட் இருந்து நம்மிடம் கூடவே பிளஷ் வாய்ப்பும் இருக்கும் கைகள் இதற்குத் தம்பி: குறைந்தபட்சம் பாட் பாதி பாதி, அதிர்ஷ்டம் இருந்தால் முழுதும் நமக்கு, அவருக்கு மேலே போக வழியே கிடையாது. அவரோ ஸ்ட்ரெயிட்டை விடவே மாட்டார்.

இப்போது அதே கத்தியின் மறுமுனை. "அவர் எதையும் வைத்து ஆடுகிறார், அதனால் என் ராணி பிளஷ் தாராளமாகப் போதும்" என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் காசு கரைகிறது, இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேசையில் மூன்று இஸ்பேட், நம் கையில் இரண்டு இஸ்பேட், ஐந்து சீட்டும் விழுந்துவிட்டன. எதிராளியிடமும் பிளஷ் இருக்க என்ன வாய்ப்பு? ஹோல்டெமில், அவர் கை எதுவாகவும் இருக்கலாம் என்றால், 3%-க்கும் குறைவு. ஒமாஹாவில் அதே கணக்கு 15%-ஐத் தொடுகிறது. மூன்று பேர் கடைசி வரை வந்திருந்தால், அவர்களில் ஒருவரிடமாவது பிளஷ் இருக்க ஏறக்குறைய 40% வாய்ப்பு. இது கண்ணை மூடி எடுத்த சீட்டுகளுக்கான கணக்கு. பிளாப்பில் இரண்டு இஸ்பேட் விழுந்த பிறகும் காசு போட்டு நின்றவர்களிடம் இஸ்பேட் இருக்கும் வாய்ப்பு இதைவிட அதிகம். இன்னொரு விஷயம்: லூஸ் ஆட்டக்காரர் தனியாக வருவதில்லை. அவர் பணத்துக்காக மேசையில் மற்றவர்களும் வருகிறார்கள், மூன்று நான்கு பேர் பிளாப் பார்க்கிறார்கள். நம் ராணி பிளஷ் அவரை வெல்லும். அவர் பக்கத்தில் ஏஸோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும் நான்காமவரிடம் தோற்கும். ஆகவே எதிராளி தரத்தைத் தளர்த்தும்போது நாம் நம் தரத்தை இறுக்க வேண்டும்: பிளஷ் என்றால் ஏஸ், ஸ்ட்ரெயிட் என்றால் மேல்முனை, செட் என்றால் பெரிய செட். இரண்டாம் இடத்துக்கு ஒமாஹாவில் பரிசு கிடையாது, அபராதம் உண்டு.

இதே தவறின் இன்னொரு வடிவம் ரிவரில் வரும். கால் செய்வதில் லூஸாக இருப்பவர் ரைஸ் செய்வதிலும் லூஸாக இருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பிளாப்பிலும் டர்னிலும் பேசாமல் கால் செய்துகொண்டே வந்த ஒருவர், ரிவரில் நம் பெட்டின் மேல் பாட் அளவு ரைஸ் வைத்தால், அவரிடம் சீட்டு இருக்கிறது. ராஜா பிளஷ் கையில் இருந்தாலும் ஃபோல்ட் செய்யுங்கள். "எதையும் ஆடுபவர்தானே" என்று காட்டச் சொல்லிக் காசு கட்டுவது, அந்த இரவு முழுவதும் அவரிடமிருந்து துளித்துளியாகச் சேர்த்ததை ஒரே தடவையில் திருப்பிக் கொடுப்பது. சதா பெட்டும் ரைஸும் வைத்துக்கொண்டிருப்பவர் வேறு ரகம். அவர் பெட்டுக்கு மதிப்பு குறைவு, நல்ல கையோடு கால் செய்து அவரையே பாட்டைக் கட்ட விடலாம். ஆனால் அவர் பெட்டின் மேல் மூன்றாவது ஆள் ரைஸ் வைத்தால், அந்த ரைஸ் நிஜமானது. யார் லூஸ் என்று குறித்துவைத்தால் போதாது. எந்தச் செயலில் லூஸ் என்று குறித்துவைக்க வேண்டும். கூட்டம் சிறிய தளங்களில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், அந்தக் குறிப்பு பலன் தரும்.

அடுத்தது பெட் அளவு. பிளஃப் இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்லை, சமநிலை வேண்டும், கணினி சொல்லும் விகிதத்தில் பிளஃப் கலக்க வேண்டும் என்று பாடம் எடுப்பவர்கள் நிறைய. என் ஆட்டத்தைப் பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்பதும் இவர்களே. எளிய கணக்கைப் பார்ப்போம். பாட்டில் 100, நாம் வைப்பது 100, எதிராளி பத்தில் ஏழு தடவை கால் செய்கிறார். வெறும் பிளஃபாக இருந்தால், மூன்று தடவை 100 வரும், ஏழு தடவை 100 போகும். தடவைக்கு 40 நட்டம். அதே பெட்டை நல்ல கையோடு வைத்து, அந்த ஏழில் ஐந்து தடவை வென்றால், சும்மா செக் செய்திருந்தால் வந்திருக்காத 300 உபரியாக வரும். நம்மைக் கவனித்துத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்பவருக்கு எதிராகத்தான் சமநிலை தேவை. தன் நான்கு சீட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதவருக்கு எதிராகச் சமநிலை பேணுவது, கேட்காதவருக்குக் கச்சேரி செய்வது. தொகையையும் அவர் பார்ப்பதில்லை என்பதால், நல்ல கையில் பாதி பாட் வைப்பது கொடுமையான சிக்கனம். பாட்டில் 8 இருக்கும் நிலையில் மூன்று சுற்றும் பாதிப் பாதியாக வைத்தால், 4, 8, 16 என்று மொத்தம் 28 பிளைண்டுதான் உள்ளே போகும். முழுப் பாட்டாக வைத்தால் 8, 24, 72; கையிலிருப்பது முழுவதும் போய்விடும். கை ஒன்று, எதிராளி ஒருவர், விளைவில் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. எதிராளி அத்தனை மோசமாக ஆடும்போது, இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் அவர் பணத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே? பாதி உண்மை. அவருக்குப் பின்னால் பேசும் இடம் நமக்கு இருந்து, நம் ரைஸால் மற்றவர்களை விரட்டி அவரோடு தனியாக நிற்க முடியும் என்றால், கைத் தேர்வைக் கொஞ்சம் தளர்த்தலாம். இரண்டே பேர் என்னும்போது மேலே சொன்ன 40% 15% ஆகிவிடுகிறது. கடைசியில் பேசுவதால் பாட்டைப் பெரிதாக்குவதா, சின்னதாக வைப்பதா என்பது நம் கையில். ஆகவே இடம் காலியானால் அவருக்கு இடப்பக்கத்து நாற்காலிக்கு மாறுங்கள். அந்த மாற்றம் பத்துப் பாடங்களைவிடப் பலன் தரும். ஆனால் நாலு பேர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பாட்டில், பிளைண்டில் உட்கார்ந்துகொண்டு, 9, 7, 6, 3-ஐ "மலிவாக இருக்கிறதே" என்று ஆடுவது அவர் பணத்தைத் துரத்துவது இல்லை. அவர் வரிசையில் நாமும் போய் நிற்பது.

"கணக்கெல்லாம் சரி, கடைசியில் அவன்தானே அடிக்கிறான்" என்பது இன்னொரு மறுப்பு. அடிப்பார். 60-க்கு 40 என்று நாம் முன்னால் இருக்கும் கையில் மூன்று தடவை தொடர்ந்து தோற்க 6%-க்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. ஓர் இரவில் பல பெரிய பாட் வருகிற ஒமாஹாவில் இது வழக்கமான நிகழ்வு, அநியாயம் ஒன்றுமில்லை. அதைத் தாங்க ஒரு மேசைக்கு எடுத்துப்போகும் தொகையைப்போல் 50 மடங்கு தனியாக இருக்க வேண்டும், அது இழந்தாலும் வீட்டுச் செலவு ஆடாத பணமாக இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். அது இல்லாதவர் கீழ்மட்ட மேசைக்கு இறங்கட்டும், அல்லது ஆடாமல் இருக்கட்டும். கமிஷனையும் மறக்க வேண்டாம். குறைந்த தொகை மேசைகளில் பாட்டிலிருந்து 5% என்பது பரவலான அளவு. ஆளுக்கு 50 போட்டு 100 சேர்ந்த பாட்டைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 47.5 திரும்பும், இருவரும் தோற்றார்கள், தளம் வென்றது. பாதிப் பாட்டுக்காக ஓடும் கைகளை விட்டுவிட இது இன்னொரு காரணம்.

கடைசியாக, காசு செலவில்லாத இரண்டு யோசனை. அவர் அடித்துவிட்டார் என்று சாட்டில் திட்டாதீர்கள். அது நாகரிகக் குறைவு என்பதோடு, மேசையிலேயே அதிகம் கொடுக்கும் ஆளை எழுந்து போகச் சொல்வதும் ஆகும். அவருக்குப் பாடம் எடுப்பவர் அவரை நம் மட்டத்துக்கு உயர்த்திவிட்டு யாரிடம் சம்பாதிக்கப் போகிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டாவது, அவர் எழுந்து போய்விட்டால் நாமும் எழுந்துவிட வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு கணக்கும் அவர் அந்த நாற்காலியில் இருக்கிறார் என்பதை நம்பியது. அவர் போன பிறகு எஞ்சுவது நம்மைப்போலவே காத்திருக்கும் நான்கு பேரும், ஒவ்வொரு பாட்டிலும் கை வைக்கும் தளமும்தான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்திருப்பவர், அதுவரை எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும், அந்த நிமிடத்திலிருந்து மற்றவர்களுக்கு லூஸ் ஆட்டக்காரர் ஆகிவிடுகிறார்.