வந்த பணமும் தந்த பணமும்

சினிமாவில் கதாநாயகன் வருகிறான். பெரிய பங்களா. பளபளக்கும் கார். ஏழைகளுக்குக் கட்டுக் கட்டாகப் பணம் கொடுக்கிறான். நாம் கை தட்டுகிறோம்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. அதன் நாயகன் பெயர் பேட்மேன். 1939-ல் படக்கதையாக வந்தது. பகலில் அவன் கோடீஸ்வரன். இரவில் முகமூடி அணிந்து திருடர்களைப் பிடிப்பான். பெற்றோர் விட்டுப் போன சொத்து அவனுக்கு உண்டு. காருக்கும் கருவிகளுக்கும் அதைச் செலவு செய்வான்.

சின்னக்கானலில் மாலை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். கொழுந்து கிள்ளிவிட்டு வந்திருந்த ஒரு அக்கா கேட்டார்:

"கதையில் எத்தனை கோடியும் செலவு செய்யலாம், டீச்சர். நிஜத்தில் அப்படி யாராவது கொடுத்தது உண்டா?"

உண்டு. அவர் பெயர் அழகப்பச் செட்டியார்.

பணம் எப்படி வந்தது?

அழகப்பர் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்தார். ஊர் காரைக்குடிக்கு அருகில் உள்ள கோட்டையூர். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்தார். லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

பிறகு தொழிலில் இறங்கினார். 1937-ல் ஒரு துணி ஆலை தொடங்கினார். எங்கே தெரியுமா? நம் கேரளத்தில்தான். அப்போது அது கொச்சி சமஸ்தானம். இப்போது திருச்சூர் மாவட்டம். அந்த இடத்துக்கு இன்றும் அழகப்பநகர் என்றே பெயர். பிற்காலத்தில் அந்த ஆலை அரசின் கைக்கு வந்தது. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியையும் அழகப்பர் நடத்தினார்.

பணம் எங்கே போனது?

1944-ல் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

1947-ல் சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். நகரத்தில் மட்டும் கல்லூரி இருந்தால் போதாது, வெளியூர்களிலும் வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்றார். அழகப்பர் அங்கேயே எழுந்தார். காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று சொன்னார். அந்த ஆண்டே கல்லூரி தொடங்கியது.

அடுத்து மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம். அது காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் ஆய்வகம் திறக்கப்பட்டது. பேட்டரியில் மின்சாரம் எப்படிச் சேர்கிறது? இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்? இவற்றை அங்கே ஆராய்கிறார்கள். யானைக்குப் பயந்து டார்ச் லைட்டோடு நடக்கும் நமக்கு பேட்டரியின் அருமை தெரியும். தகரக் கூரையின் கீழ் வாழும் நமக்குத் துருவையும் தெரியும்.

கோட்டையூரில் இருந்த தன் பெரிய வீட்டையும் பெண்கள் கல்விக்காகக் கொடுத்தார்.

1957 ஏப்ரல் 5 அன்று அழகப்பர் காலமானார். 48 வயது நிறைய ஒரே ஒரு நாள் இருந்தது. அவர் தொடங்கிய கல்வி நிலையங்கள் நிற்கவில்லை. 1985-ல் காரைக்குடியில் அவர் பெயரால் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

அக்காவின் இன்னொரு கேள்வி

பாடம் முடிந்தது. அந்த அக்கா புத்தகத்தை மூடவில்லை.

"கொடுத்தது அவர் மனசு, டீச்சர். ஒத்துக்கிறேன். ஆனால் ஆலையில் நூல் நூற்றவங்க பாடுபட்டதும் அந்தப் பணத்தில் இருக்குமே?"

வகுப்பு அமைதியானது. ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்: "நாம கிள்ளுற கொழுந்து மாதிரிதான், தாயி."

அக்கா கேட்டது சரியான கேள்வி. ஒரு முதலாளி தனியாகப் பணம் சம்பாதிப்பதில்லை. பல கைகள் சேர்ந்துதான் அது வருகிறது. அந்தக் கைகளுக்குரிய கூலி முழுதாய்ச் சேர வேண்டும். அது உரிமை. அதற்கு மேல் கொடுப்பது கொடை. உரிமையைக் கொடை என்று நினைத்து நாம் கை கூப்ப வேண்டாம். கொடையைக் கொடை என்று பாராட்டத் தயங்கவும் வேண்டாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எழுத்தும் கணக்கும் வேண்டும். அன்று வகுப்பு கலையும் முன் அந்த அக்கா தன் சம்பளச் சீட்டை எடுத்தார். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாகத் தானே படித்தார். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சொல்லும் பொருளும்
கொடை – மனமுவந்து தருவது
உரிமை – நமக்குச் சேர வேண்டியது
பிடித்தம் – சம்பளத்திலிருந்து கழிக்கும் தொகை

விடை எழுதுவோம்
1. அழகப்பர் துணி ஆலையை எந்த ஆண்டில் தொடங்கினார்?
2. ஆய்வகத்துக்கு எத்தனை ஏக்கர் நிலம் கொடுத்தார்?
3. உரிமைக்கும் கொடைக்கும் என்ன வேறுபாடு?

கணக்குப் போடுவோம்
சென்னைக் கல்லூரிக்கு 5,00,000 ரூபாய். ஆய்வகத்துக்கு 15,00,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து எவ்வளவு?

செய்து பார்ப்போம்
உங்கள் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள். வகுப்பில் சேர்ந்து படிப்போம்.