வயிற்றுத் தழும்பில் தோன்றும் குடலிறக்கம்

வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் தசையுறை உறுதியாகக் கூடாத இடத்தில், குடலோ கொழுப்போ தோலுக்கடியில் பிதுங்குவது தழும்புவழிக் குடலிறக்கம் (ஹெர்னியா) எனப்படும். இது சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ தோன்றலாம்.

• அறிகுறி: நிற்கும்போதும் இருமும்போதும் தழும்பருகே புடைப்பு எழுந்து, பெரும்பாலும் படுத்தவுடன் அடங்கிவிடும்.

• காரணம்: காயத்தில் சீழ் பிடித்தல், உடல் பருமன், புகைப்பழக்கம், கட்டுக்கடங்காத நீரிழிவு, தீராத இருமல், மலச்சிக்கலால் முக்குதல் ஆகியவை தையலிட்ட இடத்தைப் பலவீனப்படுத்துகின்றன.

• தற்காப்பு: பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பொதுவாக 6 வாரங்கள் வரை, தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை போன்ற பளுவைத் தூக்காமல் இருப்பதும், இருமும்போது சிறு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொள்வதும் நல்லது.

• சிகிச்சை: வயிற்றுப்பட்டை அசௌகரியத்தைக் குறைக்குமேயன்றித் துவாரத்தை மூடாது என்பதால், திறந்த முறையிலோ லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை முறையிலோ துவாரத்தைச் சீராக்கி, பெரும்பாலும் செயற்கை வலையைப் (மெஷ்) பொருத்துவார்கள்.

• அவசரம்: புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் ஏற்பட்டு, மலமும் வாயுவும் வெளியேறாவிட்டால், குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கக்கூடும் என்பதால், அதை அமுக்கித் தள்ள முயலாமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.