மக்கள் இடம்பெயர்வதற்கு விதி உண்டா?

பி.எஸ்ஸி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

மரத்திலிருந்து விழும் கனிக்கு ஒரு விதி உண்டு. கதிரவனைச் சுற்றும் கோளுக்கும் அதே விதிதான். சொந்த ஊரை விட்டுப் புறப்படும் மனிதனுக்கு அப்படி ஒரு விதி உண்டா? அறிஞர் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் இக்கேள்வியை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகக் கேட்டு வருகின்றன. இயற்பியல் மாணவிக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது, சற்றுப் பொறுத்திருங்கள்.

மக்கள் இடம்பெயர்வது எந்தத் திட்டவட்டமான விதிக்கும் உட்படாமல் நடப்பதாகத் தோன்றுகிறது என்று இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் ஒருமுறை கூறினார். அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டைன். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர் அவர், தாமே இடம்பெயர்ந்தவர். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ‘பிறந்த இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பிறந்த இடமும் இப்போது வாழும் இடமும் வேறானால் அவர் இடம்பெயர்ந்தவர் என்று கொண்டு அட்டவணைகள் போட்டார். 1885இல் லண்டன் புள்ளியியல் கழகத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலோர் குறுகிய தொலைவே செல்கின்றனர். ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. குறுந்தொலைவில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இடம்பெயர்கின்றனர். இவை அவர் கண்ட விதிகளுள் சில.

கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அம்மா எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவரையும் இதில் சேர்ப்பதா? ஆம், சேர்க்கத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 45 கோடிப் பேர். அவர்களில் பெண்களே பெரும்பான்மை. அப்பெண்கள் இடம்பெயர்ந்ததற்குத் திருமணமே முதற்காரணம். கணக்கெடுப்பவர் வந்து கேட்டால், கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த எங்கள் அம்மாவும் இவ்விதிக்கு ஒரு சான்றுதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். “அதுக்கு ஒரு படிப்பா?” என்றார்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். இரு பொருள்களுக்கு இடையேயுள்ள ஈர்ப்பு விசை அவற்றின் நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும் என்று படித்திருக்கிறோம். 1946இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மொழியியலார் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் இதே வடிவத்தில் ஒரு சூத்திரம் தந்தார். நிறைக்குப் பதிலாக இரு நகரங்களின் மக்கள்தொகையை வைத்தார். தொலைவை இருமடியாக்காமல் அப்படியே விட்டார். பின்வந்தவர்கள் அந்த அடுக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், கிடைத்த கணக்குகளிலிருந்தே கண்டறிந்தார்கள். அது இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது. நியூட்டனின் 2 எங்கே போனாலும் 2தான். மனிதனின் அடுக்கோ பஸ் வந்தாலே ஆட்டங்காணும் போலும்!

வேலை தேடிப் போகிறவனுக்கு இச்சூத்திரம் ஓரளவு பொருந்துகிறது. உயிருக்கு அஞ்சி ஓடுகிறவனுக்கு? இங்கேதான் ஒரு விந்தையைக் காண்கிறோம். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு தரும் கணக்கின்படி, 2024 முடிவில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டிருந்தோர் 12 கோடிக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் அண்டை நாட்டோடு நின்றுவிட்டனர். ஆக, தொலைவைப் பற்றிய ராவன்ஸ்டைன் விதி இங்கும் நிற்கிறது. ‘நிறை’தான் பொய்த்துப் போகிறது. 2011இல் சிரியாவில் போர் மூண்டபின், ஏறத்தாழ 40 லட்சம் மக்களே கொண்ட லெபனானில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட சிரியர்கள் பதிவு பெற்றார்கள். லெபனானின் பெருமையா அவர்களை இழுத்தது? எல்லை பக்கத்தில் இருந்தது, அவ்வளவே.

யார் அகதி என்பதை 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை வரையறுத்தது. இனம், மதம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படலாம் என்ற தக்க அச்சத்தோடு தாய்நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. பட்டினியும் வறட்சியும் அந்த ஐந்தில் இல்லை. 1969இல் ஆப்பிரிக்க நாடுகள் தம் உடன்படிக்கையில் அந்நியப் படையெடுப்பையும், பொது அமைதி குலைவதையும் சேர்த்துக்கொண்டன. ஒரே மனிதர் ஒரு தாளின்படி அகதியாவார். இன்னொரு தாளின்படி ஆகமாட்டார்.

இத்துறையில் என்னைக் கவர்ந்தவர் பார்பரா ஹாரெல்-பாண்ட் அம்மையார். 1982இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அகதிகள் ஆய்வுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியவர். 1979இல் இடி அமீன் வீழ்ந்தபின் உகாண்டாவிலிருந்து தென் சூடானுக்கு ஓடிவந்தவர்களிடையே சென்று ஆராய்ந்தார். முகாம்களோடு நின்றிருந்தால் உதவிப் பொருள் வாங்குகிறவர்களை மட்டுமே கண்டிருப்பார். அவரோ வெளியே கிராமங்களுக்கும் போனார். அகதிகளில் பெரும்பாலோர் அங்கே சூடானியர் நடுவில் தாமாகவே பிழைத்துக்கொண்டிருந்தனர். இனிச் சமாளிக்க முடியாது என்ற நிலை வந்தபோதுதான் பலர் முகாமுக்குள் வந்தனர். உதவி என்ற பெயரில் அவர்களைச் செயலற்றவர்களாக நடத்துகிறார்கள் என்று 1986இல் வெளியிட்ட நூலில் கடுமையாகவே எழுதினார். கதியற்றவர் என்பதுதான் நம் ‘அகதி’ என்ற சொல்லின் பொருள். அம்மையார் தமிழ் அறிந்திருந்தால் இச்சொல்லோடு சண்டைக்கு நின்றிருப்பார் என்று தோன்றுகிறது.

நம் நாடு 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆயினும் 1983க்குப் பின் இலங்கைத் தமிழர்கள் பாக் நீரிணையைக் கடந்து இங்கு வந்தபோது இடமளித்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான், இங்கும் குறுந்தொலைவே. 2021இல் நம் மாநில அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

அப்படியொரு முகாமிலிருந்து வந்து என்னோடு படிக்கிறாள் ஒரு தோழி. அவள் பிறந்தது இந்த மாவட்டத்து அரசு மருத்துவமனையில். இலங்கையைப் படத்தில் பார்த்ததோடு சரி. ராவன்ஸ்டைனின் அட்டவணையில் எழுதினால், அவள் மாவட்டத்தை விட்டு நகராதவள். எட்டுக் கிலோமீட்டர் வந்த எங்கள் அம்மாதான் இடம்பெயர்ந்தவர். முகாமின் பதிவேட்டிலோ அவள் இலங்கையிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி. பட்டம் பெற்றபின் இருவருமாகப் போட்டித் தேர்வு எழுதுவதென்று சென்ற மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். பிறந்த இடம் என்ற கட்டத்தை இருவரும் ஒரே மாதிரி நிரப்பிவிடலாம். அதற்கு அடுத்த கட்டம், குடியுரிமை.